தடிப்புக்கு முன் வந்த வயிற்று வலி: ரத்தக் குழாய் அழற்சியில் குடல் செருகிய ஒரு சிறுவனின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏழு வயதுப் பையன், இரண்டாம் வகுப்பு, எடை 21 கிலோ. தடுப்பூசிகளெல்லாம் முறையாகப் போட்டிருந்தார்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை. மழைக்காலம், தெருவுக்கு ஒரு வீட்டில் காய்ச்சல். இவனுக்கும் இரண்டு வாரத்துக்கு முன் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, மூன்று நாளில் தானாகவே சரியாகியிருந்தது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தரவில்லை.

அவனுக்கு வந்த நோய் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ். ஹெனாக்–ஷான்லைன் பர்பூரா என்பது பழைய பெயர். 2012-இல் பெயரை மாற்றினார்கள் என்றாலும் வார்டுகளில் இன்னும் 'எச்.எஸ்.பி.' என்றுதான் வழங்குகிறது. சளி, தொண்டை வலி போன்ற ஏதோ ஒரு தொற்றுக்குப் பிறகு, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து மிகச் சிறிய ரத்தக் குழாய்களின் சுவரில் படிகிறது. அந்தச் சுவர் அழன்று கசிகிறது. தோலில் கசிந்தால் செந்தடிப்பு, மூட்டில் வீக்கம், குடலில் வலியும் ரத்தக் கசிவும், சிறுநீரகத்தில் ரத்தமும் புரதமும் கலந்த சிறுநீர். குழந்தைகளுக்கு வரும் ரத்தக் குழாய் அழற்சிகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் 3 முதல் 15 வயதுக்குள் வரும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு இருந்தாலும் மிகச் சிலருக்குத்தான் அது அறுவை சிகிச்சை வரை போகிறது.

முதல் நான்கு நாள்

தொப்புளைச் சுற்றி வலி என்று தொடங்கியது. சாப்பிட்டால் அதிகமாகும். இரண்டு முறை வாந்தி. வீட்டருகே இருந்த கிளினிக்கில் பூச்சி மருந்தும் வயிற்றுப் பிடிப்புக்கான சிரப்பும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வலது கணுக்கால் வலிக்கிறது என்று நொண்டினான். பள்ளியில் விழுந்திருப்பான் என்று எண்ணி எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. வயிற்று வலியையும் கால் வலியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் காரணமில்லை, அன்று தோலில் ஒரு புள்ளிகூட இல்லை.

நான்காம் நாள் வலி கூடியதால் வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் தெரியவில்லை. வயிற்றுக்குள் நெறிகட்டிகள் சற்றுப் பெரிதாக இருந்தன, கொஞ்சம் நீர் இருந்தது. டெங்குப் பரிசோதனை நெகட்டிவ். வெள்ளணுக்கள் 14,200. பிளேட்லெட் 4,30,000.

இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். மழைக்காலத்தில் நம் ஊரில் பிளேட்லெட் எண்ணைப் பார்ப்பதே குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். குறையவில்லை என்றால் 'அப்பாடா' என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் ரத்தப் புள்ளிகள் தோன்றும் குழந்தைக்குப் பிளேட்லெட் சரியாகவோ கூடுதலாகவோ இருந்தால், பிளேட்லெட் குறைவு காரணமில்லை, குழாய்ச் சுவரில் சிக்கலோ என்று சந்தேகிக்கவேண்டும். இவனுக்குப் புள்ளிகள் மறுநாள்தான் வந்தன.

ஐந்தாம் நாள்: சேர்க்கும்போது கண்டது

காலையில் குளிப்பாட்டும்போது பின்னங்கால்களிலும் பிட்டத்திலும் சிவப்புப் புள்ளிகளை அம்மா பார்த்திருக்கிறார். கொசுக்கடி என்று முதலில் நினைத்தார்கள். பாட்டி, கரப்பான் என்று சொல்லிக் கத்தரிக்காய், கருவாடு, முட்டை மூன்றையும் நிறுத்தினார். மதியத்துக்குள் புள்ளிகள் கருஞ்சிவப்பாகி முழங்கால் வரை ஏறிவிட்டன. டெங்குதான் முற்றிவிட்டது என்ற பயத்தில் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

தடிப்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பார்த்தபோது நிறம் மறையவில்லை. இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 104/66. வயிறு மிருதுவாகத்தான் இருந்தது; தொப்புளைச் சுற்றி அழுத்தினால் வலித்தது. விதைப்பையையும் பார்த்தோம், இந்த நோய் அங்கும் வீக்கத்தை உண்டாக்கி, விதை முறுக்கிக்கொண்டதோ என்று குழப்பும். இவனுக்கு அங்கே ஒன்றுமில்லை.

ஹீமோகுளோபின் 11.8, பிளேட்லெட் 4,60,000. ரத்தம் உறையும் நேரம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டும் இயல்பு. ஆல்புமின் 3.1, அதாவது கொஞ்சம் குறைவு. அழன்ற குடலிலிருந்து புரதம் கசிவதால் இப்படிக் குறைவதுண்டு. சிறுநீரில் ரத்த அணு இல்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தது.

காலில் அதிகமாகத் தெரியும், தொட்டால் தட்டுப்படும் தடிப்பு. கூடவே பரவலான வயிற்று வலி அல்லது மூட்டு வலி அல்லது சிறுநீரகப் பாதிப்பு. இவை இருந்தால் நோயை உறுதி செய்யத் தோல் மாதிரி எடுக்கவேண்டிய அவசியமில்லை. இவனுக்குத் தடிப்போடு இரண்டு பொருந்தின. நோய் என்ன என்பதில் அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

அன்று மாலை எடுத்த அல்ட்ராசவுண்டில் சிறுகுடலின் சுவர் சில இடங்களில் 6 மில்லிமீட்டர் தடித்திருந்தது. இயல்பாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். குடல் செருகல், அதாவது ஒரு துண்டு குடல் அடுத்த துண்டுக்குள் போய்விடுவது, இல்லை என்று ரேடியாலஜிஸ்ட் எழுதினார். அந்த நேரத்துக்கு அது சரிதான்.

முதலில் எடுத்த முடிவுகள்

சேர்த்து, டிரிப்ஸ் போட்டோம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மூட்டு வலிக்கு நல்ல மருந்தான இபுப்ரோஃபெனைக் குடல் கசியும்போதும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்ற நிலையிலும் தவிர்த்தோம். குழந்தைகள் அறுவை மருத்துவரை முதல் நாளே அழைத்து வயிற்றைப் பார்க்கவைத்தோம். தேவைப்பட்டால் அழைக்கலாம் என்று விட்டிருந்தால், நள்ளிரவில் முதல்முறை பார்க்கும் வயிற்றில் என்ன மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. தடிப்புக்கும் லேசான மூட்டு வலிக்கும் தேவையில்லை. சிறுநீரகப் பாதிப்பு வராமல் தடுக்குமா என்று நடந்த ஆய்வுகளில் தடுக்காது என்றே தெரிந்தது. கடுமையான வயிற்று வலி சீக்கிரம் அடங்க உதவும் என்பதுதான் அதன் பயன். இன்னொரு பக்கம், குடல் ஓட்டையானால் வயிறு இறுகவேண்டும். ஸ்டீராய்டு அந்த அறிகுறியை மழுங்கடித்துவிடலாம். ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்காமல் துடிக்கும் பையனுக்குக் கொடுப்பதே சரி என்று முடிவு செய்தோம். ப்ரெட்னிசோலோன், கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில், வாய்வழியாக.

மறுநாள் காலை மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தான். வீங்கிய குடல் மருந்தை எவ்வளவு உறிஞ்சும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் மதியம் நரம்பு வழி மெத்தில்பிரெட்னிசோலோனுக்கு மாற்றினோம். அப்புறம் நல்ல முன்னேற்றம். ஏழாம் நாள் பகலில் எழுந்து கழிவறைக்குத் தானே நடந்தான், இட்லி கேட்டான். அருந்த நீர் மட்டும் கொடுத்தோம்.

ஏழாம் நாள் இரவு

இரவு 11 மணிக்குமேல் மறுபடி வலி. பணியிலிருந்த செவிலியர், வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பார்க்கலாம் என்று எண்ணினார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்து வரைக்கும் சும்மா முனகிட்டே இருப்பான் சிஸ்டர். இப்போ ஒரு பத்து நிமிஷம் காலை மடக்கிக்கிட்டு கத்துறான், அப்புறம் துணி மாதிரி சுருண்டு படுத்துடுறான். இது வேற" என்றார். செவிலியர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி, மருத்துவரை அழைத்தார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. நோய் பெயர் தெரிந்த குழந்தைக்கு வலி வந்தால், 'அந்த நோயின் வலிதான்' என்ற விளக்கம் கையோடு தயாராக இருக்கும். இவனுக்கு அதுவரை இருந்த வலி விடாமல் மந்தமாக இருந்தது. செருகலின் வலி அலையலையாக வரும். அலைகளுக்கு நடுவே குழந்தை வெளிறி, சோர்ந்து கிடக்கும்.

பார்க்கப் போனபோது நாடித்துடிப்பு 138. கை கால் குளிர்ந்திருந்தது. பச்சை நிறத்தில் வாந்தி. சற்று நேரத்தில் சளி கலந்த கருஞ்சிவப்பு மலம். வயிறு சற்று உப்பியிருந்தது, ஆனால் இறுகவில்லை. ஸ்டீராய்டில் இருக்கும் குழந்தை என்பதால் அந்த மிருதுவை வைத்து ஆறுதல் அடையவில்லை. ஹீமோகுளோபின் 9.4. திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் லாக்டேட் 3.4.

இரவிலேயே மறுபடி ஸ்கேன். வலது கீழ் வயிற்றில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்தது. வெறுமனே வீங்கிய குடலைக் குறுக்காகப் பார்த்தாலும் வளையம்போலத்தான் தெரியும். அதை வைத்து ஏமாறுவதுண்டு. இங்கே உள் வட்டத்தோடு குடலைப் பிடித்திருக்கும் கொழுப்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து உள்ளே போயிருந்தன. செருகல் என்று அது உறுதிப்படுத்தியது. நீளம் 6 சென்டிமீட்டர். டாப்ளரில் உள்ளே போன பகுதிக்கு ரத்த ஓட்டம் தெரியவில்லை. வயிற்று நீர் முதல் ஸ்கேனைவிட அதிகம்.

சட்டைக் கையை உள்பக்கமாக மடித்து இழுத்தால் எப்படியோ, அப்படி ஒரு துண்டு குடல் அடுத்த துண்டுக்குள் போய்விடுவதுதான் செருகல். உள்ளே போன துண்டு தன் ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு போவதால் நேரம் ஆக ஆக அழுகத் தொடங்கும். இந்த நோயில் குடல் சுவருக்குள் கசிந்த ரத்தம் ஒரு கட்டிபோல் புடைத்து நிற்க, குடலின் அசைவு அந்தப் புடைப்பைப் பிடித்து முன்னே தள்ளுகிறது.

காற்று எனிமாவா, அறுவையா

கைக்குழந்தைகளுக்கு வரும் சாதாரணச் செருகலில், சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் போகும். மூன்று மாதம் முதல் இரண்டு வயதுக்குள் அது அதிகம். மலவாய் வழியாகக் காற்றோ நீரோ செலுத்தி அழுத்தினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும், அறுவை வேண்டாம். பெற்றோருக்கும் யாராவது சொல்லித் தெரிந்திருக்கும். இவன் அப்பா கேட்டதும் அதுதான்: "காத்து அடிச்சு எடுத்துடலாம்னு சொல்றாங்களே சார், அதைச் செஞ்சு பார்க்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. ஆனால் எச்.எஸ்.பி.-யில் வரும் செருகல்களில் பாதிக்கு மேல் சிறுகுடலுக்குள்ளேயே சிறுகுடல் போவது. கீழிருந்து செலுத்தும் காற்று இரண்டு குடலும் சேரும் இடத்து வால்வைத் தாண்டி அவ்வளவு தூரம் நம்பகமாகப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் அழுகத் தொடங்கிய சுவரை அது கிழித்துவிடக்கூடும். எல்லாச் சிறுகுடல் செருகலுக்கும் கத்தி வேண்டும் என்று இல்லை. சின்னதாக, வலி குறைவாக, ரத்த ஓட்டத்தோடு இருந்தால் காத்திருந்து ஸ்கேனில் பார்க்கலாம், பல தானே விடுபடும். 3.5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானவை அப்படி விடுபடுவது அரிது. இவனுக்கு நீளம் அதிகம், ரத்த ஓட்டம் இல்லை, நாடி ஓடுகிறது. அப்பாவிடம் ஒரு தாளில் குடலை வரைந்து காட்டி, காற்று எங்கே நிற்கும், அடைப்பு எங்கே இருக்கிறது என்று விளக்கினோம். உடனே கையெழுத்திட்டார். சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. அல்ட்ராசவுண்டில் தெரிந்ததற்கு மேல் அது சொல்லப்போவது ஒன்றுமில்லை, நேரம்தான் போகும் என்று விட்டுவிட்டோம்.

அறுவைக்கு முன் கிலோவுக்கு 20 மில்லி கணக்கில் உப்பு நீர், மூக்கு வழிக் குழாய், கிருமிக்கொல்லிகளான செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும், ரத்தம் தயார். நாடி 120-க்கு இறங்கிய பிறகே அரங்கத்துக்குள் கொண்டுபோனோம். அந்த ஒரு மணி நேரத்தைத் தாமதம் என்று சொல்லமாட்டேன். நீரில்லாத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் ஆபத்து.

அறுவை அரங்கில்

சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் மேலே செருகல் இருந்தது. பிடித்து இழுக்காமல், கீழ்முனையிலிருந்து பிதுக்கிப் பிதுக்கி விடுவித்தார்கள். வெளியே வந்த துண்டு கறுத்திருந்தது. வெதுவெதுப்பான உப்பு நீர்த் துணியால் சுற்றி, முழு ஆக்சிஜன் கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தும் நிறம் மாறவில்லை, அசைவு இல்லை. 15 சென்டிமீட்டரை வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று.

அறுவை மருத்துவர் நிதானம் காட்டியது அதற்கு அடுத்துத்தான். மீதமிருந்த குடலிலும் ஊதாத் திட்டுகள் அங்கங்கே இருந்தன. பார்க்கப் பயமாக இருந்தாலும் அவை சுவருக்குள் கசிந்த ரத்தம், செத்த குடல் அல்ல. அசைவும் துடிப்பும் இருந்தன. ஒவ்வொரு திட்டையும் வெட்டத் தொடங்கினால் பையனுக்குக் குடலே மிஞ்சாது. அவற்றைத் தொடாமல் விட்டார். சிலருக்குச் சிறுகுடலில் பிறவியிலேயே இருக்கும் மெக்கல் பை என்ற புடைப்பு காரணமாக இருக்குமோ என்று தேடினார்; இல்லை. வெட்டிய இரு முனைகளிலும் ரத்தம் நன்றாக வந்ததால் வயிற்றுக்கு வெளியே குடலைத் திறந்துவிடாமல் நேராக இணைத்தார். அறுவையின்போது 210 மில்லி ரத்தம் ஏற்றப்பட்டது.

பிறகு வந்த நோய்க்குறியியல் அறிக்கையில் குடல் சுவர் முழுத் தடிமனிலும் இறந்திருந்தது, சிறு ரத்தக் குழாய்களில் அழற்சி தெரிந்தது. ஐஜிஏ சாயப் பரிசோதனை செய்ய எங்களிடம் வசதி இல்லை. அது இல்லாததால் முடிவு எதுவும் மாறவில்லை.

அதன் பிறகு

ஸ்டீராய்டைத் தொடர்வதா என்று மறுபடி ஒரு விவாதம். தையல் ஆறுவதை அது தாமதப்படுத்தலாம். நிறுத்தினால் மீதிக் குடலில் அழற்சி பொங்கி இன்னொரு செருகல் வரலாம். திட்டுகளைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டாவது பயமே பெரிதாகத் தோன்றியது. நரம்பு வழியாக ஐந்து நாள் தொடர்ந்து, பிறகு வாய்வழிக்கு மாற்றி மூன்று வாரத்தில் படிப்படியாக நிறுத்தினோம்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் முழங்கைகளில் புதிதாகத் தடிப்பு, 100.8 காய்ச்சல். தையல் விட்டுப்போயிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்ததில் சீழோ நீர்த்தேக்கமோ இல்லை. காய்ச்சல் தானே இறங்கியது. ஐந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர், ஏழாம் நாள் குழைந்த சோறு. பாட்டியின் பத்தியத்தைப் பற்றியும் அப்போது பேசினோம். நோய் கத்தரிக்காயால் வந்ததல்ல, ஆல்புமின் குறைந்த குழந்தைக்கு முட்டை தேவை என்று சொன்னதைப் பாட்டி அரைமனதாக ஏற்றார். முட்டை வந்தது, கருவாடு வரவில்லை. அதில் எங்களுக்கும் ஆட்சேபமில்லை. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

சிறுநீரகம்

வயிறு சரியானதும் குடும்பம் நோய் முடிந்தது என்று நினைக்கும். வெட்டுக்காயம் ஆறியதும் வர மறந்துவிடுவார்கள். ஆனால் நெடுங்காலத்துக்கு ஊறு செய்யக்கூடியது சிறுநீரகப் பாதிப்புத்தான். வலி இருக்காது, சிறுநீரின் நிறமும் மாறாமலிருக்கலாம். பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால் முதல் மாதம் வாரம் ஒருமுறை, அதன் பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் எங்களிடம் வரத் தேவையில்லை. அவர்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே, சிறுநீரில் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் பரிசோதனையைச் செய்யலாம் என்று அங்கிருக்கும் மருத்துவரிடம் பேசி ஏற்பாடு செய்தோம்.

ஐந்தாம் வாரம் அங்கிருந்துதான் தகவல் வந்தது: சிறுநீரில் ரத்த அணுக்கள், புரதம் ஒரு பிளஸ். சிறுநீரில் எவ்வளவு புரதம் கசிகிறது என்று காட்டும் புரத–கிரியாட்டினின் விகிதம் 0.4. கிரியாட்டினினும் ரத்த அழுத்தமும் இயல்பு. புரதம் இந்த அளவில் இருக்கும்போது சிறுநீரகச் சதை மாதிரி எடுக்க அவசரமில்லை என்று சிறுநீரக மருத்துவர் கருதினார். மருந்து ஏதும் தராமல் அடிக்கடி பார்த்தோம். நான்காம் மாதம் புரதம் மறைந்தது, ஆறாம் மாதம் ரத்த அணுவும் இல்லை. இடையே இரண்டாம் மாதம் காலில் மட்டும் சில தடிப்புகள் வந்துபோயின. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இப்படித் திரும்ப வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை.

மாற்றிக்கொண்டது

இந்த நோயில் வாந்தி இருக்கும் குழந்தைக்கு ஸ்டீராய்டு தேவை என்று முடிவானால், இப்போதெல்லாம் முதல் டோஸிலிருந்தே நரம்பு வழிதான். வயிற்று வலி நிற்கும்வரை தினமும் இரண்டு வேளை ஒரே மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்.

ஸ்கேன் விஷயத்தில் மாற்றம் பெரிது. 'செருகல் இல்லை' என்ற அறிக்கை, எடுத்த மணிக்கு மட்டும் செல்லும் என்று கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுகிறோம். வலி அலையலையாக மாறினால், பச்சை வாந்தி வந்தால், மலத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால், காரணமில்லாமல் நாடி ஏறினால், இவற்றில் ஒன்று போதும், இரவானாலும் மறு ஸ்கேன். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பெற்றோர் 'வலி வேற மாதிரி இருக்கு' என்று சொன்னாலும் அதே ஏற்பாடுதான். இதனால் வெறுங்கையோடு திரும்பும் ஸ்கேன்கள் கூடியிருக்கின்றன. ரேடியாலஜி நண்பர்கள் கொஞ்சம் முணுமுணுக்கிறார்கள்.

தடிப்புக்கு முன்பே வயிற்று வலி வரும் குழந்தைகளை அடையாளம் காண நல்ல வழி இன்னும் இல்லை. சிலருக்கு இரண்டு வாரம்கூட முந்தி வரும். காரணம் புரியாத வயிற்று வலியோடு வரும் பிள்ளையின் கால்சட்டையை இறக்கிப் பிட்டத்தையும் பின்னங்காலையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லி, சுற்றுவட்டார மருத்துவர்களுக்கு எழுதினோம். கணுக்கால் வலி உண்டா என்றும் கேட்கச் சொன்னோம்.

பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். தையல் போட்ட இடமோ அழன்று ஆறிய வேறொரு இடமோ பின்னாளில் சுருங்கி அடைக்கலாம். சாப்பிட்டதும் வயிறு உப்பி வாந்தி வந்தால் வாயுத் தொல்லை என்று கிளினிக்கில் காட்டாமல் நேரே வரச் சொல்லியிருக்கிறோம். செய்த அறுவையும் கொடுத்த மருந்தும் எழுதிய ஒரு தாள் அம்மாவின் கைப்பையிலும், அதன் நகல் பள்ளியிலும் இருக்கின்றன.